திரும்பி வந்த ஐந்து கேபிள்கள்

நவ. 10, திங்கள்

விடியலிலிருந்து தூறல். விழுப்புரம் பாசஞ்சர் விக்கிரவாண்டியில் இருபது நிமிடம் நின்றது. ஏன் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. திண்டிவனத்தில் இறங்கி விரித்ததும் குடைக் கம்பி ஒன்று முறிந்தது. முட்டி வலி (இனி மு.வ. முழுதாக எழுதியே கை அலுத்துவிட்டது).

தொழிற்சாலை வாசலில் சாக்கில் கட்டிய ஐந்து கேபிள். விமான நிலையம் (இனி வி.நி.) திருப்பி அனுப்பியது. ஏரோபிரிட்ஜுக்கு நாங்கள் செய்து கொடுத்தவை. பயணிகள் விமானத்துக்குள் நடந்து போவார்களே, அந்த நகரும் பாலம். அது நீளும்போதும் சுருங்கும்போதும் அடியில் ஒரு பிளாஸ்டிக் சங்கிலிக்குள் எங்கள் கேபிளும் மடங்கி மடங்கி நிமிரும். ஐந்து வருடம் உழைக்க வேண்டியது. ஐந்தாறு மாதத்தில் உள்ளே செம்பு இழை அறுந்து, கரண்ட் போய், பாலம் பாதியில் நின்றிருக்கிறது. ஒன்று என்றால் விதி எனலாம். ஐந்து.

மேனேஜர் (இனி மே.) அறைக்கு அழைப்பு. மாடி. இருபத்திரண்டு படி.

"மேடம், இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? அஞ்சுலயும் பேக்கிங் சீட்டு அந்த அஞ்சலையம்மாவோடது. காண்ட்ராக்ட் ஆளுதானே, நிறுத்திடுவோம். நிறுத்திட்டோம்னு ஒரு லெட்டர் போட்டா அவங்களும் அடங்கிடுவாங்க."

சீட்டைப் பார்த்தேன். உண்மைதான். ஐந்திலும் ஒரு வட்டம் போட்டு நடுவில் "அ". பேக்கிங்கில் பெரிய டிரம்மிலிருந்து கேபிளை அளந்து வெட்டிச் சுருளாகச் சுற்றிக் கட்டுகிற அஞ்சலையின் கையெழுத்து. ஆறு வருடமாகப் பார்க்கிறேன்.

சுருள் கட்டுகிறவள் செம்பை எப்படி அறுப்பாள்? கேட்டேன். மே. சிரித்தார். பத்து நாள் கொடுங்கள் என்றேன். 20-ஆம் தேதி வரை என்றார். தரக் கட்டுப்பாடு என்று பலகை மாட்டி எனக்கு நாற்காலி போட்டிருப்பது இதற்குத்தானே.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. ஐந்தையும் அறுத்துச் சோதித்தது:

செம்பு – சரி.
இழை எண்ணிக்கை – சரி.
மேல் ரப்பர் கனம் – சரி.
இழுவை – சரி.
சூடு – சரி.

எல்லாம் சரி. ஆனால் அறுந்திருக்கிறது. கல்யாணத்தில் எல்லாப் பொருத்தமும் பார்த்துவிட்டு அப்புறம் விழிப்பதுபோல.

வி.நி. பராமரிப்பு இன்ஜினியருடன் போன். நல்ல மனிதர், ரொம்பக் களைத்த குரல். போன மாதம் பாலம் நின்றபோது உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு வயதானவர். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் முக்கால் மணி நேரம். "அவரு ஒண்ணுமே சொல்லல மேடம். தண்ணி மட்டும் கேட்டாரு. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு." உங்கள் ஆட்கள் மாட்டியதில் தவறு இருக்குமோ என்று இழுத்தேன். அதே ஆட்கள் மாட்டிய மற்ற பதினாறும் நன்றாக ஓடுகிறதாம். 

வாங்க வேண்டியது: இட்லி மாவு, முட்டிக்குக் களிம்பு, குடை ரிப்பேர்.

நவ. 12, புதன்

வெயில். மழைக்குப் பிறகு வரும் புழுக்கம்.

இன்று ஒரு காரியம் பண்ணினேன். அறுக்காமல் விட்டிருந்த மீதித் துண்டை ஷெட் தரையில் நீளமாகப் போடச் சொன்னேன். நேராகப் படுக்கவில்லை. அங்கங்கே எழும்பி நெளிகிறது. கேபிள் மேல் நெடுக மீட்டர் கணக்கும் எழுத்தும் அச்சிட்டிருக்கும். அது ஒரே பக்கமாக, நேர்கோடாகப் போக வேண்டும். இதில் எழுத்து மேலே இருந்து பக்கவாட்டுக்கு நகர்ந்து, அடியில் போய், மறுபக்கம் ஏறி மறுபடி மேலே வருகிறது. டேப் வைத்து அளந்தேன். ஏறக்குறைய மூன்று மீட்டருக்கு ஒரு முழுச் சுற்று. கடைசி வரை அப்படியே.

அதாவது உள்ளே முறுக்கு ஏறியிருக்கிறது. முறுக்கோடு நாளெல்லாம் மடங்கி நிமிர்ந்தால் எந்தச் செம்பும் அறும். மூன்று மீட்டர் என்பது டிரம்மில் ஒரு சுற்றின் நீளம். டிரம்மை ஸ்டாண்டில் ஏற்றி உருள விட்டு எடுத்தால் முறுக்கு வராது. டிரம்மைப் படுக்கப் போட்டு மேலாக உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு. பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு நாள் செம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் மே. சொன்னது சரி. தவறு பேக்கிங்கில்தான். அஞ்சலை.

அவளே தட்டுக்கூடை தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். நின்றாள். குனிந்து கேபிளை ஒரு விரலால் அழுத்தினாள்.

"இது என் கை சுத்துனது இல்லீங்க மேடம்."

"எப்படிச் சொல்ற?"

"நான் சுத்துனா கட்டை அவுத்ததும் அப்படியே படுத்துக்கும். இது துள்ளிக்கினு கீது பாருங்க."

"சீட்டுல உன் கையெழுத்து இருக்கே."

கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "எழுத்து என்னுதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எரிச்சல். பொய்யென்றால் எனக்குப் பழக்கம் உண்டு. இது என்ன ரகம் என்று தெரியவில்லை.

நவ. 13, வியாழன்

மு.வ. அதிகம். பெரணியில் ஏறிய ஒரு பெண் மல்லாட்டைக் கடலை மூட்டையை என் காலின் மேலேயே வைத்துவிட்டாள். "சாரிக்கா, ஸ்டேஷன் வந்ததும் எட்த்துடறேன்."

ஐந்தும் பேக் செய்த தேதிகளை எழுதி வைத்துக்கொண்டு மண்டையை உடைத்தேன். ஷிப்டு ஒன்றல்ல. செம்பு லாட் ஒன்றல்ல. கிழமை ஒன்றல்ல. ஐந்தும் ஐந்து மாதம், ஜனவரியிலிருந்து மே வரை.

கேன்டீனில் டீக்கு நின்றபோது எதிரே நகைக்கடைக் காலண்டர். சும்மா ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தேன். என் முதல் தேதியில் கறுப்பு வட்டம். இரண்டாவதில் கறுப்பு வட்டம். ஐந்திலும். டீ ஆறிவிட்டது.

ஐந்தும் அமாவாசை.

டீ மாஸ்டர்: "இன்னா மேடம், பஞ்சாங்கம் பாக்கறீங்க, வீட்ல விசேஷமா?" ஆமாம் என்றேன். இன்ஜினியரிங் படித்துவிட்டு கேபிள் ஏன் அறுகிறது என்று அமாவாசை பார்த்துக்கொண்டிருப்பதைவிட விசேஷம் வேறென்ன.

மேசைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். பென்சில் டப்பாவுக்குப் பின்னால் குங்குமப் பொட்டலங்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் குங்குமம். ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் காலையில் தூங்காத கண்ணோடு அஞ்சலை கொண்டுவந்து வைப்பது. "அம்மன் பிரசாதம் மேடம்." வாங்கி, நெற்றியில் கொஞ்சம் வைத்து, மிச்சத்தை இழுப்பறையில் போடுவேன்.

அமாவாசை அன்று அவள் இங்கே இல்லை. அவள் மேல்மலையனூரில் இருக்கிறாள். செஞ்சி பஸ்ஸில் காலையிலேயே போய்விடுகிறாள். இந்த ஷெட்டில் இது தெரியாத ஆள் கிடையாது. எனக்கும் தெரியும். மே. ஒருத்தருக்குத்தான் தெரியாது.

வருகைப் பதிவைப் பார்த்தேன். ஐந்து நாளும் அஞ்சலை: வந்தார்.

நவ. 15, சனி

நேற்று எழுதவில்லை. தலைவலி.

இன்று ஏழுமலையைக் கூப்பிட்டேன். அஞ்சலையோடு பேக்கிங்கில் இருக்கும் பெர்மனன்ட் ஆள். ஒலக்கூர் பக்கம் கொஞ்சம் நிலம், கேப்பையும் மல்லாட்டையும். ஷிப்டு முடிந்து அவரே தண்ணீர் கட்டுகிறார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அமாவாசைக்கு அந்தம்மா இல்லன்னா யார் சுத்தறது?"

"நான்தான் மேடம்."

"எப்படி? செஞ்சு காட்டுங்க."

ஒளிக்கத் தெரியாத மனிதர். டிரம்மை அப்படியே தரையில் படுக்கப் போட்டார். மேலே நின்று மடமடவென்று உருவிச் சுருட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்து ஒரு தரம் புரண்டது.

"ஸ்டாண்டுல ஏத்தலையா?"

"ஸ்டாண்டுக்கு ரெண்டு ஆள் வேணும் மேடம். அந்தம்மா ஒரு பக்கம் புடிக்கும், நான் ஒரு பக்கம். தனி ஆளா தூக்கினா இடுப்பு போய்டும். கொல்லையில மோட்டார் ஓஸ் பைப்ப இப்படித்தான் உருவுவம். இத்தினி வருசமா போர் மோட்டாருக்குத்தான ஒயர் குடுத்துக்கினு இருந்தோம், ஒண்ணும் ஆவலியே."

ஆகாது. போர் மோட்டார் கேபிள் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு கிடக்கும். அசையாது. ஏரோபிரிட்ஜ் ஆர்டர் இந்த ஜனவரியில்தான் வந்தது. அசைகிற ஒன்றுக்கு இவ்வளவு வித்தியாசம் உண்டு என்று இவருக்குச் சொல்ல வேண்டியது யார்? ஜூனுக்குப் பிறகும் அமாவாசைகள் வந்திருக்கின்றன. அந்தச் சுருள்களும் இப்போது அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன.

"அட்டெண்டன்ஸ் கார்டு?"

"நான் தேச்சிடுவேன். அந்தம்மா காண்ட்ராக்ட்டு. ஒரு நாள் வரலன்னா பேர அடிச்சிடுவாங்க, பேஜாரு."

"சீட்டுல அவங்க கையெழுத்து எப்படி வருது?"

அப்போதுதான் அவர் முகத்தைத் திருப்பினார். "முந்தின நாளே போட்டு வெச்சிட்டுப் போய்டும். நீங்கதான மேடம் சொன்னீங்க."

நானா?

"போன வருசம் ஆடிட்டு வந்தப்ப. காலி சீட்டு என் மேசைக்கு வரக்கூடாது, முந்தின நாளே போட்டு வெச்சா என்ன கொறஞ்சா போய்டுவீங்கன்னு சத்தம் போட்டீங்களே."

ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆடிட்டர் உட்கார்ந்திருந்தார், ஒரு சீட்டில் கையெழுத்து இல்லை, எனக்கு அவமானம். கத்தினேன். அன்று ஏன் கையெழுத்து இல்லை என்று கேட்கவில்லை. அன்றும் அமாவாசையாகத்தான் இருந்திருக்கும்.

நவ. 16, ஞாயிறு

விழுப்புரம். துணி காயவில்லை. மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டி, வீடு முழுக்க ஈர வாடை. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. அது ஒன்றுதான் இன்று உருப்படி.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். மூன்று விதமாக எழுதலாம்.

1) வி.நி. ஆட்கள் மாட்டியது சரியில்லை. இங்கே எல்லோரும் தப்பிப்பார்கள். பொய்.

2) பேக்கிங்கில் முறுக்கு ஏறியது. சீட்டில் இருப்பது அஞ்சலை பெயர். அவள் போவாள். பாதி உண்மை. அந்தப் பாதியே பெரிய பொய்.

3) நடந்தது. அஞ்சலை அன்று இல்லை. வருகைப் பதிவு பொய். பொய்ப் பதிவுக்காக அவள் போவாள்.

எப்படிப் போட்டாலும் விடை ஒன்றாகவே வரும் கணக்கு. கேபிளைக் கெடுத்தது அவள் இல்லை என்று நிரூபிக்க, அவள் கோவிலில் இருந்தாள் என்று நான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். செய்தியைப் பார்த்துக்கொண்டே, "முதல்ல சொன்னதையே எழுதிடு. பாலம்தானே நின்னுச்சு, ஆளு யாரும் சாகலையே" என்றார். ரிமோட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. நானும் அதையேதான் காலையிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால்தான் அவ்வளவு கோபம்.

பால்காரர் நாளைக்கு வரமாட்டார். பாக்கெட் வாங்க வேண்டும்.

நவ. 17, திங்கள்

சோதனை. ஒரே டிரம்மிலிருந்து இரண்டு துண்டு. ஒன்று அஞ்சலையும் ஏழுமலையும் ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றியது. இன்னொன்று ஏழுமலை படுக்கப் போட்டு உருவியது. இரண்டையும் மடக்கி நிமிர்த்தும் மெஷினில் மாட்டி ஓடவிட்டாயிற்று. டக் டக் என்று நாள் முழுக்க அந்தச் சத்தம்.

அஞ்சலை சுற்றுவதைப் பக்கத்தில் நின்று முதன்முறையாகப் பார்த்தேன். ஆறு வருடத்தில் முதன்முறை, வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு வளையம் போடும்போதும் மணிக்கட்டை லேசாக உள்பக்கம் திருப்புகிறாள். கேபிளில் மிச்சமிருக்கிற முறுக்கு அந்தத் திருப்பலில் போய்விடுகிறது. செய்முறைத் தாளில் ஏற்றலாம் என்று, "எவ்வளவு திருப்பணும்?" என்று கேட்டேன்.

"அளவெல்லாம் இல்ல மேடம். எழுத்து உங்கள பாத்துக்கினே இருக்கணும். அது திரும்பிச்சுன்னா நீங்க திருப்பணும். அவ்ளோதான்."

செய்முறைத் தாளை நான் எழுதியபோது பேக்கிங் வேலைக்கு எதிரே "தனிப் பயிற்சி தேவையில்லை" என்று போட்டிருக்கிறேன். என் கையெழுத்து, தேதியோடு. தேடி எடுத்துப் பார்த்தேன்.

நவ. 18, செவ்வாய்

உருவிய துண்டு புடைத்து நெளிய ஆரம்பித்துவிட்டது. திரும்பி வந்தவை போலவே. சுற்றிய துண்டு வெட்டிய புடலங்காய் மாதிரி நேராகக் கிடக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லை.

மத்தியானம் ஷெட்டுக்குப் பின்னால் அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நான் சுத்தாத நாளுக்கு நான் எப்படி பொறுப்பு?"

"அட்டெண்டன்ஸ்ல நீ இருக்க."

"அப்ப அது பொய்யின்னு எழுதுங்க."

"எழுதினா நிறுத்திடுவாங்க."

"எழுதலன்னாலும்தான நிறுத்தப் போறாங்க." தண்ணீரை வீசிக் கொட்டினாள். "சுத்தத் தெரியாதவன்னு பேர் வாங்கிக்கினு போவறதுக்கு, கோயிலுக்குப் போனவன்னு போறேன். அத எழுதுங்க மேடம், புண்ணியமாப் போவும்."

ஏதாவது வேண்டுதலா, ஏன் தவறாமல் போகிறாய் என்று கேட்டேன். குழந்தை, நோய், இப்படி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்ல. அங்க அவ்ளோ கூட்டத்துல ஒரு மூலையில குந்திக்கினு இருப்பேன். அன்னிக்கு ஒரு நாள் எனக்கு யாரும் வேலை சொல்ல மாட்டாங்க."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக மட்டும் இல்லை. எனக்கு அப்படி ஒரு நாள் கடைசியாக எப்போது இருந்தது என்று யோசித்தேன். ரயில் வரும் வரை யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

நவ. 19, புதன். அமாவாசை

அறிக்கை கொடுத்துவிட்டேன். நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் முந்தின நாள் கையெழுத்து, யார் போடச் சொன்னது, செய்முறைத் தாளில் யார் என்ன எழுதியது. என் பெயர் இரண்டு இடத்தில். ஜூனுக்குப் பிறகு போன அமாவாசைச் சுருள்களை உடனே மாற்ற வேண்டும் என்றும் போட்டேன்.

காலையில் என் மேசை மேல் ஒரு தாள். கோணல் எழுத்து: "இன்று அமாவாசை. வரமாட்டேன்." கீழே வட்டம், நடுவில் அ. ஆறு வருடத்தில் அவள் கொடுத்த முதல் லீவு லெட்டர்.

நவ. 20, வியாழன்

மே. மூன்று தரம் படித்தாராம். முடிவு:

ஏழுமலை – எச்சரிக்கை.
நான் – மெமோ.
அஞ்சலை – இன்றோடு நிறுத்தம். பொய் வருகை.

"அந்த வேலை தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான் சார்."

"மேடம், ஒயரைச் சுத்தறதுக்கு ஊர்ல ஆளா இல்ல?"

மாற்றித் தர பத்துச் சுருள் திங்கட்கிழமைக்குள் போக வேண்டும். ஜல்தி ஜல்தி என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மு.வ. மட்டும் காரணம் இல்லை.

அஞ்சலை உள்ளே வரவில்லை. வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

நவ. 21, வெள்ளி

மறுபடி மழை. வண்டி சரியான நேரம், அதிசயம்.

காண்ட்ராக்டர் அனுப்பிய புது ஆளும் ஏழுமலையும் ஸ்டாண்டில் ஏற்றித்தான் சுற்றினார்கள். நாலு சுருள். நாலையும் தரையில் விரித்தேன். உருவியதைப் போல மோசமில்லை. ஆனாலும் எழுத்து புரள்கிறது. நாலுக்கும் சிவப்புச் சீட்டு மாட்டினேன். இந்த ஷெட்டில் எனக்கு இருக்கிற ஒரே அதிகாரம் அந்தச் சிவப்புச் சீட்டு. இருபது வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக மாட்டியது இல்லை.

பதினொரு மணி. மே. கீழே இறங்கியே வந்துவிட்டார்.

"என்ன மேடம், வேணும்னே பண்றீங்களா? யார் சுத்தினா பாஸ் பண்ணுவீங்க?"

"எழுத்து நேரா இருந்தா பாஸ் பண்ணுவேன் சார்."

கேபிளைக் காலால் புரட்டிப் பார்த்தார். ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புது ஆள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். "அந்தம்மாவையே கூப்புட்டுத் தொலைங்க" என்று சொல்லிவிட்டு மே. மேலே ஏறிப் போனார்.

மேசையில் ஒரு பொட்டலம். அஞ்சலை கொடுத்தனுப்பியதாக ஏழுமலை சொன்னார், "நேத்தே வாசல்ல குடுத்துச்சு மேடம், நான்தான் மறந்துட்டேன்." பிரித்தேன். குங்குமம். மடித்திருந்த தாள் எங்கள் பேக்கிங் சீட்டு. முன்கூட்டிக் கையெழுத்துப் போட அவள் வைத்திருந்த சீட்டுக் கட்டிலிருந்து ஒன்று. கையெழுத்துக்கான இடம் காலி.

போன் பண்ணினேன். நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் கோழிச் சத்தம். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"வர்றேன் மேடம். அமாவாசைக்கு லீவுன்னு எழுத்துல குடுப்பாங்களா?"

"கேக்கறேன்."

"கேட்டு வாங்கிக்கினு கூப்புடுங்க. அப்பறம் வர்றேன்."

வைத்துவிட்டாள்.

அமாவாசை லீவை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டேன், இரண்டே வரி. என் கையெழுத்தை நான் போட்டாயிற்று, இன்றைய தேதியில். கீழே மே. கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். இருபத்திரண்டு படி. ஏறப் போகிறேன்.